பிரிமணையில் நிற்காத வாளி

தகட்டின் நடுவில் அடிக்கக் கூடாது. ஓரத்தில் தொடங்கி, அடிக்கும் அடிக்கும் இடையே இடம் விடாமல் சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். அந்தக் கைகள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன. இடது கை, குழி வெட்டிய மரக்கட்டையின் மேல் வட்டத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. வலது கையில் உருண்டைத் தலைச் சுத்தியல். தகட்டின் ஓரம் அலை அலையாக எழும்பும்போது கைகள் நின்றன. மரச் சுத்தியலை எடுத்து அலைகளைத் தட்டி அமர்த்திவிட்டு மறுபடியும் தொடங்கின. அவசரப்பட்டு அலையை மடித்துவிட்டால் அந்த மடிப்பில் தகடு கிழியும். கிழிந்ததை ஈயம் வைத்து மூடலாம். மூடியது தெரியாது. ஆனால் மூடியவனுக்குத் தெரியும்.

கெர்பாவ் ரோட்டில், கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடையில், மளிகைக் கடைக்கும் மாவு மில்லுக்கும் இடையே அந்த இடம். பூக்கூடையோடு போன ஒருவன் நின்று பார்த்தான்.

"என்னண்ணே, கோயில் மணியா?"

"வாளிக்கு அடி."

"அடி இவ்வளவு குண்டா இருந்தா எப்படி நிக்கும்?"

"நிக்கக் கூடாதுன்னுதான்."

"நிக்காத வாளியை எவன் வாங்குவான்?" என்று சிரித்துக்கொண்டே போனான். சிரித்தது நியாயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கைகளுக்கு உரியவரும் இதே விஷயத்துக்கு வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். இப்போது அடுத்த தகட்டை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தார்.

அவர் பெயர் மருதப்பன். செம்பவாங் கப்பல் தளத்தில் தகடு தூக்கும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். தகடு வெட்டும் வேலையை அங்கே யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள், தூக்குகிறவன் தூக்க வேண்டும். குப்பையில் போட்ட கெண்டி, புனல், எண்ணெய் அளவை என்று எது கிடைத்தாலும் வீட்டுக்கு எடுத்து வருவார். அடுப்பில் காட்டி ஈயத்தை உருக்கி, மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தகட்டைத் தரையில் விரித்துப் பார்ப்பார். முழுசாக இருக்கும்போது புரியாத பொருள், விரித்துப் போட்டால் புரிந்துவிடும். அப்படியே விரித்து விரித்துத் தொழிலைப் பிடித்தார். யுத்தம் முடிந்த பிறகு அஞ்சடியில் இடம் பிடித்தார். பால்காரர்களுக்குக் கேன், ரொட்டிக் கடைக்குத் தட்டு, கடைவீட்டுக் கூரைக்குத் தண்ணீர்த் தாரை என்று வந்ததையெல்லாம் செய்தார். அவர் செய்த கேன் ஒழுகி யாரும் திரும்பி வந்ததில்லை.

மனைவி ரத்தினம்மா சாக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். ரோச்சோர் வாய்க்கால் பக்கம், சுப்பிரமணியம் என்பவருடைய கிடங்கு. அரிசியும் சீனியும் வந்து இறங்கிய பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, கட்டுக் கட்டித் திரும்ப விற்பார்கள். உதறுவது ஆண்கள், தைப்பது பெண்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, விரல் நீள ஊசியில் சணல் கோத்துத் தைப்பார்கள். உள்ளே எப்போதும் சணல் தூசி மிதந்துகொண்டிருக்கும். மூக்கை மூடிக்கொள்ளலாம். தொண்டையை எதைக் கொண்டு மூடுவது? காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோகும் போத்தல் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

குழாய், கிடங்கின் பின்கட்டில் இருந்தது. அதற்குப் போகும் கதவு பூட்டிக் கிடக்கும். பின்கட்டு வழியாக நல்ல சாக்கு வெளியே போகிறது என்பது முதலாளியின் சந்தேகம். ஒரு தடவை பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து, குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பெரிய வாளி வாங்கி உள்ளே வையுங்கள் என்று கேட்டார்கள்.

"வீட்டுலேர்ந்து இன்னொரு போத்தல் கொண்டாங்கம்மா. இது கிடங்கு, காப்பிக் கடை இல்ல" என்றார் முதலாளி.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தீயணைப்பு அதிகாரி ஒருவர் கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உரிமம் வேண்டுமானால் தீயணைக்கும் வாளி ஆறு, ஒரு மணல் பெட்டி, ஒரு எச்சரிக்கை மணி, இவ்வளவும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி மண்ணெண்ணெய் டின்களுக்குச் சிவப்பு அடித்து வரிசையாக வைத்துப் பார்த்தார். அதிகாரி, இது ஆகாது என்று அதைக் காலால் தள்ளிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகுதான் மண்டோர் அப்துல் மஜீது மருதப்பனைத் தேடி அஞ்சடிக்கு வந்தார். கிடங்கில் ஆட்களை மேய்க்கிறவர் அவர்தான். கப்பல் சாமான் கடையிலிருந்து மாதிரிக்கு ஒரு வாளியை இரவல் வாங்கி வந்திருந்தார்.

"அடி குண்டா இருக்கணுமாம்லா மருதப்பண்ணே. தட்டையா இருந்தா ஆளுங்க கீழ வெச்சு எதுக்காவது எடுத்துக்குவாங்களாம். தீப் பிடிக்கிற அன்னைக்குப் பார்த்தா கொக்கியில வாளி இருக்காதாம். குண்டா இருந்தா கீழ வைக்க முடியாது. சும்மா எடுக்க மாட்டாங்க."

மருதப்பன் மாதிரி வாளியைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார். வாளி சாய்ந்து உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது.

"கெட்டிக்காரன்தான் பாய் இதை யோசிச்சவன்."

"வெள்ளைக்காரன் மூளைலா!"

ஆறு வாளிக்கு முன்னால் வெள்ளோட்டமாக ஒன்று செய்து பார்த்தார். குண்டு அடி அவருக்குப் புதிது. ஓரம் கொஞ்சம் கோணிவிட்டது. விற்க மனம் வராமல் வீட்டுக்கு எடுத்துப் போனார். இதைக் கீழே வைக்கவே முடியாது, இதுதான் சூட்சுமம் என்று ரத்தினம்மாவிடம் விளக்கிச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அடுக்களைக்குள் போய், சோற்றுப் பானையின் கீழே கிடந்த பிரிமணையை எடுத்து வந்து தரையில் போட்டாள். கிடங்கிலிருந்து கொண்டுவந்த சணல் கழிவைத் திரித்து, வளையமாகச் சுற்றி, அவளே கட்டியது. வாளியை அதன் மேல் வைத்தாள். வாளி பானையைப் போல் அசையாமல் உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா உங்க சூட்சுமம்?"

மருதப்பன் வாளியை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"குண்டுச் சட்டியை வெக்கத் தெரியாத ஊருக்காரன் போலிருக்கு, பாவம்" என்றாள். "அவன் பொண்டாட்டி குழம்புச் சட்டியைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு நிப்பாளோ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். பிறகு மருதப்பன் ஆறு வாளியையும் அடித்து முடித்துச் சிவப்பு அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடி ஒவ்வொன்றும் முட்டை ஓடு மாதிரி ஒரே சீராக இருந்தது. அதிகாரி வந்து பார்த்துத் தலையசைத்தார். உரிமம் கிடைத்தது.

திங்கள்கிழமைதோறும் மண்டோர் பின்கதவைத் திறந்து ஆறு வாளியிலும் தண்ணீர் நிரப்பி மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியே செய்தார். அதாவது, வாரத்துக்கு ஒரு முறை ஆறு வாளி நல்ல தண்ணீர் பெண்கள் உட்காரும் வரிசைக்குப் பக்கத்துச் சுவரில் வந்து தொங்கியது. அவர்கள் தொண்டையில் சணல் தூசி. காலடியில் திரிக்கச் சணல்.

முதல் வளையத்தை ரத்தினம்மாதான் திரித்தாள். ஒரு வாளியை இறக்கி அதில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். பிறகு கை கழுவ இன்னொன்று இறங்கியது. சணல் நனைக்க ஒன்று. மண்டோர் பார்த்தும் பார்க்காமல் இருந்தார். அவருக்கும் தாகம் எடுக்கும். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் வாளிகள் கொக்கிக்கு ஏறும், பின்கதவின் பூட்டும் திறக்கும். அவர் போனதும் வாளிகள் இறங்கும், கதவு பூட்டிக்கொள்ளும். பெண்கள் அந்த வளையத்துக்கு 'ரத்தினம்மா மணை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேண்டியவர்களுக்கெல்லாம் அவள் திரித்துக் கொடுத்தாள். அவள் கை அப்படி, திரித்தால் அவிழாது.

மணியின் கதை வேறு. பித்தளை மணி, வாசல் பக்கம் தொங்கியது. வாங்கிய மணி சும்மா தொங்குகிறதே என்று முதலாளிக்கு உறுத்தல். தேநீர் நேரம் முடிந்தது, எல்லாரும் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள் என்பதற்கு அதை அடிக்கச் சொன்னார்.

அறுபதாம் வருஷம், தைப்பூசம் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. ரத்தினம்மா அந்தத் தைப்பூசத்துக்கு டேங்க் ரோட்டுக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்திருந்தாள். கிடங்கில் பொறி எங்கிருந்து விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கட்டுக் கட்டும் மூலையில் புகையைப் பார்த்த ஒருவன் ஓடிப் போய் மணியை அடித்தான். தேநீருக்கு எழுந்து கைகாலை நீட்டிக்கொண்டிருந்த பெண்கள் மணிச் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் ஊசியைக்கூட எடுத்துவிட்டார்கள்.

புகை தலைக்கு மேல் வந்த பிறகுதான் அலறல். ரத்தினம்மா சுவரை நோக்கி ஓடினாள். ஆறு கொக்கி இருந்தது. வாளி ஒன்றும் இல்லை. குடிதண்ணீர் வாளி எங்கே என்று அவளுக்குத் தெரியும். அதில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அதை ஊற்றிச் சாக்கு ஒன்றை நனைத்துக்கொண்டு தீயை அடித்தாள். அன்னம்மா என்ற பெண் அந்த மூலையில் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வழி கிடைக்கும்வரை ரத்தினம்மா அடித்துக்கொண்டே இருந்தாள். நனைந்த சாக்கு காய்ந்து, அதுவும் பிடித்துக்கொண்டது. அன்னம்மா வெளியே வந்துவிட்டாள். உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ரத்தினம்மாவின் விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடிந்து ஒட்டியிருந்தன. ஊசி பிடிக்க முடியாது. சோற்றை உருட்ட முடியாது. வலது கையால் ஒரு டம்ளரைத் தள்ள முடியும், அவ்வளவுதான்.

விசாரணையில் முதலாளி ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாளி வாங்கினேன், கொக்கி அடித்தேன், திங்கள்தோறும் தண்ணீர் நிரப்பினேன், மணி மாட்டினேன் என்றார். எல்லாம் உண்மை. வாளியை இறக்கியது பெண்கள். அதுவும் உண்மை. ஏன் இறக்கினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எப்படி நிற்க வைத்தீர்கள் என்றுதான் அதிகாரி கேட்டார். பாதி கருகிய வளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்றார். மஜீது மலாய் மொழியில் சொல்லிப் பார்த்தார், வார்த்தை அகப்படவில்லை. கடைசியில் அதைத் தன் தொப்பியின் மேல் வைத்துக் காட்டினாராம். அதிகாரி என்ன புரிந்துகொண்டாரோ, எழுதிக்கொண்டார்.

"இதைத் திரிச்சது யாரு?" என்று முதலாளி கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரத்தினம்மா மணை என்ற பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஊசி பிடிக்க முடியாதவளை வேலையிலிருந்து நீக்கினார். நீக்கியதற்குக் காரணம் கை என்று சொல்லவில்லை, மணை என்று சொன்னார். வாசலில் பித்தளை மணியோடு ஒரு அறிவிப்புப் பலகையும் தொங்கவிட்டார். தீயணைக்கும் வாளியைத் தொடுகிறவர்கள் வேலையை இழப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அங்கே தைத்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது.

கூரை போட்டுக் கிடங்கு திறக்கத் தயாரானபோது பழைய வாளிகள் உருகியும் நசுங்கியும் கிடந்தன. புது வாளி தொங்காமல் திறக்க முடியாது. மஜீது மறுபடி அஞ்சடிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேற ஆள் கிட்ட போகச் சொன்னாரு முதலாளி. நான்தான்..." என்று நிறுத்தினார். "நம்ம ஊர் ஆளுங்க வேற யாருக்கும் இந்த அடி வராதுலா."

"வராதுதான்" என்றார் மருதப்பன். "என் பொண்டாட்டிக்கும் இனி சோறு வாய்க்கு வராது பாய், நான் ஊட்டாம. அவருகிட்ட சொல்லுங்க."

மஜீது தலையைக் குனிந்துகொண்டார். பதில் வாங்காமலே போய்விட்டார்.

வீட்டில் ரத்தினம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது மருதப்பன் விஷயத்தைச் சொன்னார். செய்யப் போவதில்லை என்றும் சொன்னார்.

"ஏன் செய்ய மாட்டீங்க?"

"உன்னை வெளியே தள்ளினவனுக்கு நான் சிவப்பு அடிச்சுக் கொடுக்கணுமா?"

"நீங்க கொடுக்கலேன்னா வேறொருத்தன் மண்ணெண்ணெய் டின்னுக்குச் சிவப்பு அடிச்சுக் கொடுப்பான். இல்ல, பழையபடி குண்டா அடிச்சுக் கொடுப்பான். அந்தப் பொண்ணுங்க திரும்பவும் மணை போடுவாங்க." வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "அன்னம்மா அங்கதான் திரும்பவும் உட்காரப் போறா. இன்னொரு தடவை எரிஞ்சா அவளை இழுத்துவிட அங்க நான் இருக்க மாட்டேன்."

"மணை போட்டா எரிஞ்சிடுவோம்னு தெரிஞ்ச பின்னாடியுமா போடுவாங்க?"

"தாகம் எடுத்தா போடுவாங்க" என்றாள் ரத்தினம்மா. "நான் போடலியா? சும்மா இருக்க முடியாமயா போட்டேன்? தண்ணி கேட்டோம். கொடுத்திருந்தா அந்த வாளியை எவ தொட்டிருப்பா?"

மருதப்பன் கடைசிக் கவளத்தை உருட்டி அவளுக்கு ஊட்டினார். பிறகு எழுந்து போய், வெள்ளோட்டத்தில் கோணிப்போன அந்தப் பழைய வாளியை எடுத்தார். அது இன்னும் வீட்டுப் பிரிமணையில்தான் உட்கார்ந்திருந்தது. தூக்கினார், வைத்தார். தூக்கினார், வைத்தார். வளையத்தின் உயரத்தை விரலால் அளந்தார்.

மறுநாள், செய்கிறேன் என்று மஜீதுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் தகட்டை வெட்டும்போது கூடவே விரல் கனத்தில் இரும்புக் கம்பியையும் வெட்டினார். ஒவ்வொன்றும் ஒரு சாண். குண்டு அடியின் வெளிப்புற உச்சியில் தடித்த தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து ஆணியடித்து, கம்பியை அதில் முடுக்கி, சுற்றிலும் ஈயம் ஓட்டினார். கம்பியின் முனையை அரத்தால் மழுக்கினார். தலையில் இடித்தாலும் கிழிக்கக் கூடாது. ஒரு கை பிடியிலும் மறு கை கம்பியிலும் இருந்தால் தண்ணீரை வீசுவதும் சுலபம். பிரிமணையில் வைத்துப் பார்த்தார். கம்பி தரையில் முட்டியது, வாளி சாய்ந்து விழுந்தது. மணை மேல் மணை வைத்துப் பார்த்தார். அப்போதும் விழுந்தது. மூன்று வைத்தால் வளையங்களே நழுவின.

பூக்கூடைக்காரன் சிரித்துவிட்டுப் போனது அந்த வேலையின் நடுவில்தான்.

ஆறும் முடிந்து சிவப்பு காய்ந்த பிறகு ஏழாவதாக ஒன்று செய்தார். யாரும் கேட்காதது. பெரியது, தட்டை அடி, இறுக்கமான மூடி, ஓரத்தில் கோப்பை மாட்டக் கொக்கி. அதற்கு வண்ணம் அடிக்கவில்லை.

எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனபோது, திறப்புக்கு முன்பே பெண்களை வேலைக்கு உட்கார வைத்திருந்தார்கள். புதுக் கூரை, பழைய தூசி. அன்னம்மா ரத்தினம்மா இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. அக்கா கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

மஜீதும் இன்னொருவனும் சிவப்பு வாளிகளை இறக்கத் தொடங்கினார்கள். மருதப்பன் சுவரோரம் பார்த்தார். ஆறு கொக்கிக்கும் நேர் கீழே, சணல் வளையங்கள் அடுக்கியிருந்தன. புதிதாகத் திரித்தவை. ரத்தினம்மா கை இல்லை அது. முறுக்கு தளர்ந்து, நுனி பிரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"வாளி வருதுன்னு பாய் சொன்னாரு" என்றாள் அன்னம்மா. மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "அதான் முன்னாடியே திரிச்சு வெச்சோம். அக்கா மாதிரி வரலை."

மருதப்பன் ஒரு வாளியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அன்னம்மா கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

"இனிமே உட்காராது, இல்ல?"

"உட்காராது."

"நல்லதுண்ணே." அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். "அப்ப நாங்க எதுலண்ணே குடிக்கிறது?"

மருதப்பன் வண்டிக்குப் போய் ஏழாவது வாளியைத் தூக்கிவந்தார். மஜீது குறுக்கே வந்தார்.

"இது ஆர்டர்ல இல்லியே மருதப்பண்ணே. முதலாளி கேட்டா எதுக்குன்னு சொல்றது?"

"தீக்குத்தான்னு சொல்லுங்க பாய்."

"வாளி சரி. தண்ணி?"

மருதப்பன் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். வாளியை அன்னம்மாவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, பழக்கத்தில் காலால் ஒரு வளையத்தை இழுக்கப் போய், தட்டை அடியைப் பார்த்து நிறுத்தினாள். தரையில் வைத்தாள். அது தானாக நின்றது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். புதுத் தகடு பளபளத்தது. பிறகு நிமிர்ந்து பின்கட்டுக் கதவைப் பார்த்தாள். மருதப்பனும் பார்த்தார். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.